மேல்தகடு

என் தம்பிக்குக் குட்டை என்று பட்டப்பெயர் வைத்தவர் என் கணவர். எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொள்ளாமல் நுழையத் தெரியாத நெட்டைப் பயலுக்கு அப்படியொரு பெயர். அவனும் லேசுப்பட்டவனில்லை. பதிலுக்கு மாமாவுக்கு 'மூடி' என்று வைத்தான். கப்பல் பட்டறையில் அவர் பார்த்த வேலை அது.

கப்பலின் அடியில் வரிசையாக இரும்பு அறைகள் இருக்கும். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே தோள் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதுதான் வாசல். என் தம்பி மாதிரி பெயிண்டர்கள் அதன் வழியாக இறங்கித் துருவைச் சுரண்டி வர்ணம் அடிப்பார்கள். அவர்கள் ஏறி வந்தபின் துளைக்கு இரும்பு மூடி வைத்து, சுற்றிலும் போல்ட்டுகளை முடுக்குகிறவர் என் கணவர். ஒருவன் இறங்குகிறவன், ஒருவர் மூடுகிறவர். மாலையில் இருவரும் ஒரே பைக்கில் வந்து என்னிடம் ஒரே நேரத்தில் பசிக்கிறது என்பார்கள்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி விளிம்பு தேய்த்துப் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க விளிம்புகளையே பார்ப்பதால், வீட்டுக்கு வந்தாலும் எதையாவது உற்றுப் பார்த்துக் குறை சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை டாங்கிப் பெட்டி ஒன்றைத் தம்பி வாங்கி வந்த அன்றும் அப்படித்தான் ஆனது.

டாங்கி என்றால் தலையில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியின் மேல் இருந்த படத்தில் தலையே இல்லை. முதல் உலகப் போரில் ஓடிய பழைய ரகமாம். சாய்ந்த இரும்புப் பெட்டி ஒன்று, அதன் உடம்பைச் சுற்றி மேலும் கீழும் சங்கிலிப் பட்டை, பக்கத்துக்கு ஒரு துப்பாக்கிக் கூண்டு.

"என்னடா இது, வண்டி ஏறி நசுங்கின சூட்கேஸ் மாதிரி இருக்கு."

"அக்கா, இந்த சூட்கேஸ்குள்ள எட்டு பேரு உக்காந்து போனாங்க. நடுவுல இன்ஜின். அந்தச் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. ஸ்பானரால இன்ஜின் மேல தட்டித்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கணும். சூடு வேற, புகை வேற. பாதிப் பேரு மயங்கி விழுந்துடுவாங்களாம்."

"இவ்வளவும் தெரிஞ்சு எதுக்குடா ஏறினாங்க?"

"நான் எதுக்கு தினமும் இறங்குறேன்?" என்று சிரித்தான்.

அவனுக்கு அது பொழுதுபோக்கு என்று சொன்னால் பொழுதுக்கே கோபம் வரும். பின்னறையில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரமாட்டான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுப்பான். வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்ப்பான், விரலால் தடவிப் பார்ப்பான், மறுபடியும் தேய்ப்பான். உட்புறம் முழுக்க வெள்ளை அடித்தான். இன்ஜினுக்கு எண்ணெய்க் கறை வைத்தான். விரல் நுனி உயரமுள்ள எட்டு ஆட்களுக்கும் சட்டை, தொப்பி, முகத்தில் கரி எல்லாம் தீட்டி, அவரவர் இடத்தில் காலை ஒட்டி உட்கார வைத்தான். இன்ஜின் பக்கத்தில் ஒருவன் ஸ்பானரை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"கடைசியில மேல்தகட்ட ஒட்டி மூடத்தானே போற? அப்புறம் உள்ள இருக்கிறது யார் கண்ணுக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"உள்ள ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியும்ல," என்றான்.

மேல்தகட்டை அவன் ஒட்டவில்லை. அதற்குள் போய்விட்டான்.

எப்படிப் போனான் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டறையில் அறைக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பித்தளை வில்லையைத் துளைக்குப் பக்கத்திலுள்ள பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியாக இருந்தால் உள்ளே யாருமில்லை என்று அர்த்தம். அதே வில்லையைக் காட்டினால்தான் கேன்டீனில் சாப்பாடும் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது உபயோகம்தான் முதலாவதைக் கெடுத்தது. வரிசை நீளமாக இருக்குமே என்று, முதலில் ஏறுகிறவன் பின்னால் வருகிற கூட்டாளியின் வில்லையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடுவான். இடம் பிடிக்க. எல்லோரும் செய்ததுதான். என் தம்பியும் பல பேருக்குச் செய்திருக்கிறான்.

அன்றைக்குக் கூட்டாளி இரண்டு வில்லையையும் எடுத்துக்கொண்டு ஓடினான். ஏணியில் பாதி ஏறிய குட்டை, மறந்து வைத்த எதையோ எடுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறான். என் கணவர் வந்து பார்த்தபோது பலகை காலி. துளைக்குள் குனிந்து "உள்ள யாரு?" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதில் இல்லை. மூடினார்.

உள்ளே புதுப் பெயிண்டின் ஆவி. சாயங்காலம் ஆளைக் காணோமென்று தேடித் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. "இவ புருஷன்தானே மூடினது" என்று என் காதுபடவே பேசினார்கள். மூடியவர் அவர்தான். கொன்றவர் அவரில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் சமைத்தேன், கடைக்குப் போனேன், அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். இரண்டு பேரில் ஒருவனைப் பறிகொடுத்தாயிற்று, இருக்கிற ஒருவரையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் என் கணக்கு. அதை யாரிடமும் வெட்கப்படாமல் சொல்வேன்.

ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் சொன்னார். "மூடியோட உள்பக்கம் பெயிண்ட் காயல. அதுல பிரஷ் கட்டை பட்ட தடம் இருந்ததும்மா. நிறைய. தட்டியிருக்கான்."

அன்றிலிருந்து அவரால் எதையும் மூட முடியவில்லை. பட்டறைப் பக்கமே போகவில்லை. சர்க்கரை டப்பா திறந்திருக்கும், எறும்புகள் குடும்பம் குட்டியோடு குடியேறியிருக்கும். குளியலறைக் கதவைச் சாத்தமாட்டார். நான்தான் கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடமாட வேண்டும். "ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி மாதிரி எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டுப் போங்க, மூட நான் ஒருத்தி இருக்கேன்ல" என்று கத்துவேன். முன்பெல்லாம் இப்படிக் கத்தினால் ஒரு பதிலாவது வரும். இப்போது என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் போய் டப்பாவை மூடுவேன்.

பிறகு ஒருநாள் பின்னறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் தம்பியின் நாற்காலியில் அவர். அந்தக் கொழுத்த விரல்களில் சின்ன இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, சங்கிலிப் பட்டையின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார். பாதியில் கிடக்கக் கூடாது, முடித்துவிடுகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். சங்கிலியை மாட்டினார், துப்பாக்கிக் கூண்டுகளைப் பொருத்தினார், வெளியே சேற்றின் நிறம் அடித்தார். ரிவெட்டுத் தலைகள்மீது உலர்ந்த பிரஷைத் தேய்த்து இரும்பு தெரிய வைத்தார். பார்க்கப் பார்க்கக் கனமாகத் தெரிந்தது அந்தப் பொருள். கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும், கண்ணுக்கு மட்டும் டன் கணக்கில் எடை.

மேல்தகடு ஒன்றுதான் பாக்கி. ஒட்டுமுன் சும்மா வைத்துப் பார்ப்பது வழக்கம், விளிம்பு சேர்கிறதா என்று. வைத்தார். உடனே எடுத்தார். மறுபடி வைத்து, குனிந்து காதைக் கொடுத்தார்.

"தட்டுறான்," என்றார்.

"யாரு?"

"தகட்ட வெச்சா தட்டுறான். எடுத்தா நின்னுடுது."

பிளாஸ்டிக் வெயிலுக்கு விரிந்து சத்தம் போடும், கடையில் ஃபிரேம்கள்கூட அப்படித்தான் என்றேன். நானே தகட்டை வைத்துக் காதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்து மறுபடியும் வைத்துக் கேட்டேன். ஒரு மண்ணுமில்லை. வந்ததும் சொன்னேன்.

"உனக்குக் கேக்காது. மூடினவனுக்குத்தான் கேக்கும்," என்றார்.

பேய் பிசாசு என்றால் நான் சண்டைக்கே போகிற ஆள். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் பேயைக் கண்ட பயம் இல்லை. விலாசம் தெரிந்த ஒருவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பயம் அங்கேதான் பிடித்தது.

"அப்ப அந்த ஆளுங்கள வெளிய எடுத்துட்டு மூடுங்க. காலிப் பெட்டிக்குள்ள யாரு தட்டப்போறா?"

அது சரியான யோசனை என்று அவருக்கும் பட்டது. ஸ்பானர்காரனை இடுக்கியால் பிடித்து மெதுவாக அசைத்தார். குட்டை ஒட்டியது லேசில் விடுமா? பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கிற பசை அது. கணுக்காலில் 'டிக்'கென்று ஒரு சத்தம். ஆள் கையோடு வந்துவிட்டான், பாதம் தரையிலேயே நின்றது. என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். நான் என்ன சொல்லியும் நிற்கவில்லை. கடைசியில் நான்தான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவனைப் பாதத்தின்மேல் திரும்ப ஒட்டினேன். இனி எடுக்கிற பேச்சே இல்லை என்று ஆனது.

அதன்பின் வாழ்க்கை அந்தத் தகட்டைச் சுற்றி நின்றுவிட்டது. தினமும் உட்காருவார், வைப்பார், கேட்பார், எடுப்பார். எடுத்ததும் உள்ளே எட்டிப் பார்த்து ஆட்களை எண்ணுவார். சாப்பாட்டில் கை வைத்தால் வைத்தபடி இருக்கும். சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. ஒருநாள் நான் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது, என்னிடம் பேசுகிற குரலிலேயே சொன்னார்: "உள்ள ஒரு ஆள் இருக்கும்போது நான் மட்டும் வெளிய எதுக்கும்மா?"

கோபம் வந்தது என்று சொன்னால் பொய். அந்த வாரம் முழுக்க நான் கடையிலிருந்து மதியமே வீட்டுக்கு ஓடிவந்து அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனேன். ஒரு லென்ஸைத் தலைகீழாகத் தேய்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பட்டறை ஃபோர்மேன் வந்தார். நல்ல மனிதர், ஆனால் உட்காருகிற இடத்தில் உட்காராமல் எதன்மேலாவது சாய்ந்துகொண்டே பேசுவார். பீரோமேல் சாய்ந்துகொண்டு, இனிமேல் ஒருவராக மூட வேண்டியதில்லை, இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது என்றார்.

"ஒருத்தர் குரல் கொடுக்கணும். மூடிய வெச்சதும் இன்னொருத்தர் மேல காதை வெச்சுக் கேட்டு, யாரும் இல்லன்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் போல்ட்டு. குட்டையாலதான் வந்தது அந்தச் சட்டம். வந்துருங்க, எவ்வளவு நாளைக்கு இப்படியே இருப்பீங்க?"

"இத மூடிட்டு வரேன்," என்றார் என் கணவர், மேசையைக் காட்டி.

ஃபோர்மேன் டாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசல்வரை கொண்டுவிடப் போனபோது "டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?" என்றார். காட்டியிருந்தேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையையும் டப்பாவைத் திறந்தபடிதான் வைத்திருந்தார்.

ஆனால் ஃபோர்மேன் எனக்கு ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவின கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திரிங்க. சட்டப்படி மூடிடலாம்," என்றேன்.

"என்ன சட்டம்?"

"நீங்க குரல் கொடுங்க. நான் கேட்டுச் சொல்றேன். ரெண்டாவது ஆள் நான்."

"நீ அவனோட அக்கா," என்றார்.

"அதனாலதான் சொல்றேன். என் தம்பி உள்ள இருந்தா நான் மூட விடுவேனா?"

அந்த வாக்கியத்தில் அவர் விழுந்துவிட்டார். என் கண்ணெதிரே அவர் தோள்கள் இறங்கின. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பசைப் புட்டியைத் திறந்தார். பிரஷை நனைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். மேல்தகட்டை எடுத்து உடம்பின்மேல் வைத்தார். விளிம்பு நாலாபுறமும் அழகாக உட்கார்ந்தது. என் தொழிலில்கூட அவ்வளவு துல்லியமாகச் சேராது. அவர் குனிந்து, பட்டறையில் கொடுக்கிற குரலை இறக்கி, "உள்ள யாரு?" என்று கேட்டார்.

நான் காதை வைத்தேன். வைக்கும் முன்பே பதிலை முடிவு செய்திருந்தேன். என்ன கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, அதைத்தான் சொல்வது என்று.

கேட்டது.

மெலிதாக, உள்ளேயிருந்து, மரக்கட்டையால் இரும்பைத் தட்டுகிற ஓசை. பிளாஸ்டிக்கில் அந்த ஓசை வராது. அதில் அவசரம் இல்லை. காலையில் நான் குளியலறையை விட்டு வெளியே வர நேரமானால் தட்டுவானே, இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு, அக்கா தானாக வந்துவிடுவாள் என்று தெரிந்தவன் தட்டுகிற மாதிரி. தலையை எடுக்க முடியவில்லை.

அவருக்குக் கேட்கவில்லை. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவர் தகட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் நுனியில் பசை சொட்டத் தயாராக நின்றது. எலும்பும் தோலுமாக, கண்ணில் உயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் புருஷன். நான் சொல்கிற ஒரு வார்த்தையில் அவர் இருப்பதா இல்லாமல் போவதா என்று இருந்தது.

"யாரும் இல்லங்க," என்றேன். "மூடுங்க."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன். யாரும் இல்ல."

விளிம்பில் பிரஷைத் தொட்டார். பசை தானாகவே இடுக்கில் ஓடி ஒரு சுற்று வந்தது. இறுகும்வரை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். "நீ பிடிம்மா," என்றார். வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன்.

அவர் எழுந்து கையைக் கழுவினார். அடுக்களையில் எதையோ எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு கூடத்தில் போய்ப் படுத்தார். "இனி அதுபாட்டுக்குப் பிடிச்சுக்கும், வெச்சுட்டு வா," என்று குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அந்தக் குறட்டையைப் பற்றி எத்தனை குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டு அழுதேன்.

என் உள்ளங்கைக்குள் தட்டிக்கொண்டே இருந்தான். முதலில் பழையபடி இரண்டிரண்டாக. பிறகு வேகமாக, தாறுமாறாக, என் விரலெலும்பில் வந்து படுகிற மாதிரி. பசை எப்போதோ இறுகியிருக்கும், ஆனாலும் என்னால் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவன் தனியாகிவிடுவான். குனிந்து, தகட்டில் உதடு படும்படி மெல்லச் சொன்னேன்.

"குட்டை, அக்காடா. இங்கதான் இருக்கேன்."

சட்டென்று தட்டுவது நின்றது.

மறுபடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பட்டறையில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது அது, என் கணவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். மாட்டிக்கொண்டவன் மூச்சு இருக்கிறவரை தட்டுவான். வெளியே யாரோ கேட்டுவிட்டார்கள், இனி திறந்துவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டால்தான் நிறுத்துவான். நிறுத்திவிட்டு, மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு, பேசாமல் காத்திருப்பான்.